காமன்வெல்த் குளோஸ் இல்லாத கோப்பு

அம்மா இருப்பது காமன்வெல்த் குளோஸில், ஒரு மூவறை வீட்டில். முழங்கால் வலி கூடிவிட்டது. ஈசூனில் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே அவரை அழைத்து வந்துவிடலாமா என்று குடும்பத்தில் பேச்சு எழுந்தது. விற்றால் எவ்வளவு வரும் என்று அக்கா கேட்டார். "ஏஜெண்ட்ட கேக்குறதுக்கு முன்னாடி நானே பார்த்துச் சொல்றேன்க்கா" என்றேன்.

அப்போது மாலை நேரப் புள்ளிவிவர வகுப்பில் சேர்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் பயிற்சி வகுப்புகளுக்கான 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கிடைத்ததல்லவா, அதைக் கொண்டு சேர்ந்தேன். துவாஸில் கிடங்கு மேற்பார்வையாளர் வேலை எனக்கு. எண்களோடு பழக்கம் உண்டு. மென்பொருளோடு இல்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் மறுவிற்பனை விலைகளை அரசாங்கத்தின் டேட்டா.கவ்.எஸ்ஜி தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 1990 முதல் இன்றுவரை ஐந்து கோப்புகள். நான் எடுத்தது 2017 ஜனவரியில் தொடங்கும் கோப்பு. அதில் 11 பத்திகள்: மாதம், வட்டாரம், வீட்டு வகை, புளோக் எண், தெரு, மாடி, பரப்பளவு, வீட்டு மாதிரி, குத்தகை தொடங்கிய ஆண்டு, எஞ்சியிருக்கும் குத்தகை, விலை. வகுப்பில் கற்றுத்தந்த ஆர் மென்பொருளில் அதை ஏற்றினேன். பிழை என்று சிவப்பு எழுத்தில் எதுவும் வரவில்லை. காமன்வெல்த் குளோஸைத் தேடினேன், ஒரு வரிகூட இல்லை. சரி, அந்தத் தெருவில் யாரும் விற்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, அந்தத் தெரு இருக்கும் குவீன்ஸ்டவுன் வட்டார மூவறை வீடுகளின் சராசரியைக் கணக்கிட்டு அக்காவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் அம்மா அழைத்தார். "என்னப்பா, நம்ம தெருவுல யாருமே விக்கலன்னு சொன்னியாமே? தீபாவளிக்கு அப்புறம் நம்ம புளோக்லயே மூணு வீடு கைமாறிடுச்சு. சாமான் ஏத்துற லாரிய நான்தான் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அம்மா பார்த்தது உண்மை. அப்படியானால் என் கோப்பில் ஏதோ கோளாறு. அதைத் தேடிய வார இறுதியில்தான், கோப்பை ஆரில் ஏற்றுவதைப் பற்றி வகுப்பில் ஏழு வாரமாகக் காதில் விழுந்துகொண்டிருந்தது எனக்குள் இறங்கியது. அதைத்தான் எழுதுகிறேன். என்னைப் போல 40ஐத் தாண்டிப் புதிதாகத் தொடங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஆர், ஆர்ஸ்டூடியோ இரண்டையும் நிறுவுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் ஆர், பிறகு அதை வசதியாகப் பயன்படுத்த உதவும் ஆர்ஸ்டூடியோ. இரண்டும் இலவசம். (ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது ஆர். முதல் முழுப் பதிப்பு வெளிவந்த நாள் 2000 பிப்ரவரி 29. பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல் இரண்டு ஆசிரியர்கள் தொடங்கி வைத்தது என்பது எனக்கு இன்றும் மலைப்பாகவே இருக்கிறது.)

சிரமம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். கோப்பு எங்கே இருக்கிறது என்று ஆருக்குச் சொல்ல வேண்டும். விண்டோஸில் கோப்பின் முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் ஏற்றுக்கொள்ளாது. அந்த முகவரியில் இருப்பது பின்பக்கம் சாய்ந்த கோடு. ஆர் அதற்கு வேறு பொருள் வைத்திருக்கிறது. முன்பக்கம் சாய்ந்த கோடாக மாற்றினால் போதும். இது தெரியாமல் முதல் வாரம் அங் மோ கியோ நூலகத்தில் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன். பக்கத்தில் தன் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, கோடு திரும்பியிருக்கு பாருங்க" என்றாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒவ்வொரு வேலைக்கும் ஆர்ஸ்டூடியோவில் ஒரு புராஜெக்ட் திறந்து, கோப்பையும் அதே உறைக்குள் போட்டுவிட்டால் முகவரியே தேவையில்லை, கோப்பின் பெயர் மட்டும் போதும் என்பதையும் அவள்தான் காட்டினாள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். டவுன்லோட்ஸ் உறையிலிருந்து நேராக ஏற்றுவதை விட்டுவிட்டேன். அங்கே ஒரே கோப்பு, பெயருக்குப் பின்னால் 1, 2 என்ற எண்களோடு மூன்று முறை கிடக்கும். எது புதியது என்று ஒரு நாள் குழம்பத்தான் செய்வோம்.

இனி காமன்வெல்த் குளோஸ் எங்கே போனது என்பதைச் சொல்கிறேன்.

அட்டவணைக் கோப்புகளை ஏற்ற ஆரில் ரீட்.டேபிள், ரீட்.சிஎஸ்வி என்று இரண்டு கட்டளைகள் உண்டு. (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய கோப்புதான் சிஎஸ்வி.) வகுப்பில் முதலில் பயன்படுத்தியது ரீட்.டேபிள். அதையே எடுத்து, தலைப்பு வரி உண்டு, பிரிப்பது காற்புள்ளி என்று இரண்டு விவரம் சேர்த்தேன். இரண்டு கட்டளைக்கும் வேறுபாடு அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அது தவறு. நாம் எதுவும் சொல்லாதபோது, ரீட்.டேபிள் இரட்டை மேற்கோள் குறியையும் ஒற்றை மேற்கோள் குறியையும் எழுத்துத் துண்டின் எல்லையாக எடுத்துக்கொள்ளும். ரீட்.சிஎஸ்வி இரட்டை மேற்கோளை மட்டுமே அப்படி எடுத்துக்கொள்ளும்.

வீவக கோப்பில் காமன்வெல்த் என்ற சொல்லைச் சுருக்கித்தான் எழுதியிருக்கிறார்கள்: முதல் எழுத்து, உடனே ஒற்றை மேற்கோள் குறி, பிறகு வெல்த். குவீன்ஸ் குளோஸ், செயின்ட் ஜார்ஜஸ் ரோடு, ஜாலான் மமோர் என்ற தெருப்பெயர்களிலும் ஆங்கில எழுத்தில் அந்தக் குறி வரும். ரீட்.டேபிள் அந்தக் குறியைக் கண்டதும், இங்கே ஒரு மேற்கோள் திறந்திருக்கிறது என்று நம்பி, அடுத்த ஒற்றை மேற்கோள் எங்கே வருகிறதோ அதுவரை உள்ள அனைத்தையும் ஒரே தெருப்பெயராகச் சேர்த்து விழுங்கிவிட்டது. காற்புள்ளி, வரி முடிவு, அடுத்த வீடு, அடுத்த வட்டாரம் எதுவும் அதற்குக் கணக்கில்லை. வட்டாரங்கள் ஆங்கில அகர வரிசையில் இருப்பதால், குவீன்ஸ்டவுனில் திறந்த மேற்கோள் செம்பவாங், தோ பாயோ, உட்லண்ட்ஸ், ஈசூன் எல்லாவற்றையும் தாண்டி, அடுத்த மாதத்தின் காலாங் வட்டாரத்தில்கூட மூடலாம். இடையில் இருக்கும் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே வரிக்குள் புதைந்துவிடும்.

இதில் என்னை அதிரவைத்தது என்னவென்றால், மூடும் குறிக்குப் பிறகு மீதிப் பத்திகள் ஒழுங்காகத் தொடர்கின்றன. மாடி, பரப்பளவு, விலை எல்லாம் இருக்கின்றன. ஆகவே அந்த வரியிலும் சரியாக 11 பத்திகள். ஆருக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. குறிகளின் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், மேற்கோள் மூடாமலேயே கோப்பு முடிந்துவிட்டது என்று கடைசியில் ஓர் எச்சரிக்கையாவது வரும். இரட்டைப்படையாக இருந்தால் அதுவும் வராது. எனக்கு வரவில்லை. ஒரு வீட்டின் மாதமும் புளோக்கும், வேறொரு வீட்டின் விலையும் ஒட்டிக்கொண்ட வரிகளை வைத்து அம்மாவின் வீட்டுக்கு விலை சொல்லியிருக்கிறேன்.

கட்டளையை ரீட்.சிஎஸ்வி என்று மாற்றியதும் பல்லாயிரம் வரிகள் திரும்பி வந்தன. ரீட்.டேபிளிலேயே இருக்க வேண்டுமென்றால், குவோட் என்ற விவரத்தில் இரட்டை மேற்கோளை மட்டும் கொடுத்துவிட வேண்டும்.

அன்றிரவு எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. கிடங்கில் 18 ஆண்டுகளாக என் வேலையே இதுதான். லாரி வந்து நின்றால், டெலிவரி ஆர்டரில் 240 பெட்டி என்று இருந்தால், 240 பெட்டி இறங்கியதா என்று எண்ணிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். லாரி பத்திரமாக வந்து நின்றது என்பதற்காக யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவதும் அதுதான். கோப்பில் அதை நான் செய்யவில்லை.

இப்போது செய்வது இது. ஏற்றியதும் முதல் கட்டளை டிம். எத்தனை வரி, எத்தனை பத்தி என்று இரண்டே எண்கள் வரும். அந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? ஏற்றிய அட்டவணையோடு சம்பந்தமில்லாத இன்னொரு வழியில் எண்ண வேண்டும். ரீட்லைன்ஸ் என்ற கட்டளை கோப்பை வெறும் வரிகளாக மட்டும் படிக்கும். மேற்கோள், காற்புள்ளி எதையும் அது பொருட்படுத்தாது. அதன் நீளத்தில் தலைப்புக்காக ஒன்றைக் கழித்தால் வர வேண்டிய எண்ணிக்கை. இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த வேலை. ஒரு பதிவுக்கு ஒரு வரி என்று இருக்கும் கோப்புகளுக்கு இது அப்படியே பொருந்தும். 200,000 வரிகளுக்கு மேல் உள்ள இந்தக் கோப்புக்கும் சில நொடிகளே ஆகும்.

எண்ணிய பிறகு பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நான் அட்டவணையின் பெயரை மட்டும் தட்டி எண்டர் போடுவேன். திரை முழுக்க எண்கள் ஓடி, மீதியைக் காட்டவில்லை என்ற குறிப்போடு நிற்கும். அதில் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. ஹெட் முதல் ஆறு வரிகளைக் காட்டும், டெயில் கடைசி ஆறு வரிகளைக் காட்டும். எல்லோரும் ஹெட் பார்ப்பார்கள். டெயில்தான் அதிகம் சொல்லும் என்பது என் அனுபவம். கோப்பு பாதியில் அறுந்திருந்தால் அங்கே தெரியும். சில புள்ளிவிவர அட்டவணைகளில் அடிக்குறிப்புகள் கடைசி வரிகளில் ஒட்டிக்கொண்டு வரும். அதுவும் அங்கே தெரியும். மேலே இரண்டு மூன்று தலைப்பு வரிகள் இருந்தால் ஸ்கிப் என்ற விவரத்தில் எத்தனை வரி தள்ள வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

எக்செல் போலக் கட்டம் கட்டமாகப் பார்க்க வியூ. இதன் முதல் எழுத்து மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து. சிறிய எழுத்தில் தட்டினால் அப்படி ஒரு கட்டளை இல்லை என்றே பதில் வரும். அந்தச் சன்னலில் ஒரு பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால் ஏறுவரிசை, இறங்குவரிசை ஆகும். விலையை இரண்டு பக்கமும் வரிசைப்படுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம். மிகக் குறைந்ததும் மிக அதிகமானதும் நம்பும்படி இருக்கின்றனவா என்று அங்கேயே தெரிந்துவிடும். வியூவில் எதையும் தட்டி மாற்ற முடியாது. முதலில் இதைக் குறையாக நினைத்தேன். கைபட்டு ஒரு எண் மாறிவிடும் என்ற பயமில்லை என்பதால் இப்போது இதுவே எனக்கு நிம்மதி.

இவை எல்லாவற்றிலும் நான் அதிகம் மதிப்பது ஸ்டர். ஆங்கில எழுத்துகள் எஸ், டி, ஆர் மூன்றும்தான் கட்டளை. ஒவ்வொரு பத்தியின் பெயர், அது எண்ணா எழுத்தா, முதல் சில மதிப்புகள், எல்லாவற்றையும் ஒரு பத்திக்கு ஒரு வரியாகச் சொல்லிவிடும். எண்ணாக இருக்க வேண்டியது எழுத்து என்று வந்தால், அந்தப் பத்தியில் எங்கோ எண்ணுக்குப் பதில் ஒரு கோடோ ஒரு சொல்லோ இருக்கிறது என்று பொருள். இந்தக் கோப்பிலேயே எஞ்சிய குத்தகை என்ற பத்தி "61 ஆண்டு 04 மாதம்" என்ற வடிவில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். பார்க்க எண் போல இருந்தாலும் ஆருக்கு அது எழுத்து. சராசரி கேட்டால் கிடைக்காது. குத்தகை தொடங்கிய ஆண்டோடு 99ஐக் கூட்டி, விற்ற ஆண்டைக் கழித்துப் பயன்படுத்துகிறேன். 1979இல் தொடங்கி 2017இல் விற்ற வீட்டுக்கு 61. மாதக் கணக்கு தேவையில்லாத இடத்தில் இது போதும். 2015, 2016க்கான கோப்பில் இதே பத்தி முழு எண்ணாக இருக்கும். அதற்கு முந்தைய கோப்புகளில் இந்தப் பத்தியே கிடையாது. கோப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்ட நினைப்பவர்கள் முதலில் ஒவ்வொன்றுக்கும் ஸ்டர் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

எழுத்துப் பத்திகளுக்கு டேபிள் என்ற கட்டளை. எந்தெந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தரும். வீட்டு வகைக்குப் போட்டால் ஓரறையிலிருந்து பல தலைமுறை வீடு வரை ஏழு வகை வர வேண்டும். பழைய கோப்பையும் புதியதையும் சேர்த்தால் எட்டு வரும். பல தலைமுறை என்பதை ஒன்றில் இடைக்கோடு போட்டும் மற்றொன்றில் போடாமலும் எழுதியிருப்பதே காரணம். டேபிள் போட்டால் ஒழிய இது கண்ணில் படாது.

வாரம் ஒருமுறை ஒரு துணைப்பாட வகுப்பில் தொண்டூழியம் செய்கிறேன். அங்கே பெயர்ப் பட்டியல் என் பொறுப்பு. சிங்கப்பூர் முகவரிகள் ஏற்றும்போது எத்தனை விதமாகக் கெடும் என்பதை அங்கேதான் கற்றேன். நம் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். நகர மையத்தில் அது பூஜ்யத்தில் தொடங்கும். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு 058793. ஆர் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு 58793 ஆக்கிவிடும். அஞ்சல் குறியீடும் தொலைபேசி எண்ணும் கூட்டிக் கழிக்கும் எண்கள் இல்லை, பெயர்கள். ஏற்றும்போதே கோல்கிளாசஸ் என்ற விவரத்தில் அந்தப் பத்தி எழுத்து என்று சொல்லிவிட வேண்டும். ஏற்றிய பிறகு பூஜ்யத்தை ஒட்டவைப்பது இரட்டை வேலை.

வீட்டு எண் இன்னும் மோசம். மாடிக்கு முன்னால் நாம் போடும் அந்தக் கட்டக் குறியை (#) ரீட்.டேபிள் "இதற்குப் பிறகு வருவது குறிப்புரை, படிக்காதே" என்று எடுத்துக்கொள்ளும். முகவரி கடைசிப் பத்தியாக இருந்தால் மாடியும் வீட்டு எண்ணும் ஓசையில்லாமல் வெட்டுப்பட்டிருக்கும். ரீட்.சிஎஸ்வி இதைச் செய்யாது. கட்டக் குறியை எடுத்துவிட்டு 05-12 என்று மட்டும் எழுதினாலும் தப்பிக்க முடியாது. அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்தால் அது தேதியாக மாறிவிடும், சேமித்தால் மாறியபடியே தங்கிவிடும். ஆகவே இறக்கிய சிஎஸ்வி கோப்பை ஆரில் ஏற்றுவதற்கு முன்னால் எக்செல்லில் திறந்து சேமிக்காதீர்கள் என்று என் வகுப்புத் தோழர்கள் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். பார்க்க வேண்டுமானால் நோட்பேடில் திறந்து பாருங்கள்.

பெண்பிள்ளைகள் மட்டும் இருந்த ஒரு வகுப்பின் பட்டியலை ஏற்றினேன். பாலினப் பத்தியில் எல்லா வரியிலும் ஆங்கில எஃப் எழுத்து மட்டுமே. ஸ்டர் போட்டால் அந்தப் பத்தி "லாஜிக்கல்" என்று வருகிறது, எல்லா வரியிலும் "ஃபால்ஸ்". எஃப் என்ற ஒற்றை எழுத்தை ஆர் "இல்லை" என்பதன் சுருக்கமாகப் படித்துவிட்டது. ஆண்பிள்ளை ஒருவன் இருந்திருந்தால், எம் எழுத்து வந்து, பத்தி எழுத்தாகவே நின்றிருக்கும்.

பெயர்களைத் தமிழிலும் வைத்திருக்கிறோம். அந்தக் கோப்பை எக்செல்லில் சேமிப்பதாக இருந்தால் வெறும் சிஎஸ்வி வேண்டாம், யூடிஎஃப்-8 என்று சேர்த்திருக்கும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப வராது. ஆர் பழையதாக இருந்தால் விண்டோஸில் தமிழுக்குப் பதில் குறியீட்டு எண்கள் தெரியலாம். 2022இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து புதிய விண்டோஸ் கணினிகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. தமிழ் என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று ஆரிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. பெயர்களை எழுத்து எண்ணி வெட்ட நினைக்கிறவர்கள் இதை மறந்தால் பிள்ளைகளின் பெயர்கள் கொம்பிழந்து நிற்கும்.

வீட்டு விலைக் கோப்பு பெரிதாகத் தோன்றுகிறவர்கள் ஆருடனேயே வரும் ஏர்குவாலிட்டி தரவில் பழகலாம். ஏற்றவே வேண்டாம், பெயரைச் சொன்னால் வரும். 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கின் காற்று அளவீடு; நாளுக்கு ஒரு வரி, 153 வரிகள், ஆறு பத்திகள். புகைமூட்டத்தைப் பார்த்த நமக்கு இந்தத் தரவு அந்நியமாக இருக்காது. 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. ஒவ்வொரு பத்தியின் சுருக்கத்தையும் தரும் சம்மரி கட்டளையைப் போட்டால் ஓசோன் பத்தியில் 37 நாள்களுக்கு அளவீடே இல்லை என்று தெரியும். அதனால் சராசரி கேட்டால் என்ஏ, அதாவது மதிப்பு இல்லை, என்று வரும். விடுபட்டவற்றைத் தள்ளிவிட்டுக் கணக்கிடச் சொன்னால் 42.13. என்ஏ வந்தபோது வகுப்பில் பலர் ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று பதறினார்கள். எனக்கு அது நேர்மையான பதிலாகவே படுகிறது. 37 நாள் தெரியாமல் சராசரி எப்படிச் சொல்வது என்று மென்பொருள் நம்மைத் திருப்பிக் கேட்கிறது.

கோப்பைச் சரியாக ஏற்றிய பிறகு அக்காவை அழைத்து, முதலில் சொன்ன விலை தவறு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை, காமன்வெல்த் குளோஸ் மூவறை வீடுகளின் கடைசி ஓராண்டு வரிகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அம்மாவிடம் கொண்டுபோனேன். அந்தக் கோப்பில் வீட்டு எண் இருக்காது, புளோக்கும் மாடி வரம்பும் மட்டும்தான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். "நாலுலேர்ந்து ஆறு மாடின்னு போட்டிருக்கே, இது அந்த மலாய்க்காரம்மா வீடு. இது ரெண்டு அண்ணன் தம்பி இருந்தாங்களே, அவங்களோடது."

மூன்றாவது வரியில் விரல் நின்றது. மற்ற இரண்டையும்விட விலை குறைவு. வியூவில் வரிசைப்படுத்தியபோதே என் கண்ணிலும் பட்ட வரிதான் அது. இதுவும் ஏற்றியதில் வந்த பிழையாக இருக்குமோ என்று ரீட்லைன்ஸில் அந்த வரியைத் தேடி எடுத்துப் பார்த்திருந்தேன். கோப்பிலேயே விலை அதுதான்.

"இது அவசரத்துக்கு வித்ததுப்பா" என்றார் அம்மா. "மகன் வேற ஊருக்குப் போறான்னு கெடச்ச விலைக்குக் கொடுத்துட்டாங்க. உள்ள சமையல்கட்டெல்லாம் ரொம்பப் பழசு."

பென்சிலை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டேன்.